நரம்பு என்றால் எந்த நரம்பு?

மார்ச் 4

‘ஏன்? எதனால்?’ பக்கத்தின் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த வார இதழில் ஒரு வாசகர், “தண்ணீரில் ஊறினால் விரல் நுனி ஏன் சுருங்குகிறது?” என்று கேட்டிருந்தார். “தோல் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது, உப்பிய தோலுக்கு இடம் போதாமல் மடிகிறது, அவ்வளவுதான்” என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘அவ்வளவுதான்’ எனக்குப் பிடிக்கவில்லை.

என் இரண்டு கைகளையும் ஒரே வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, டிவியில் ஒரு பாட்டு நிகழ்ச்சி முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இடது கையில் ஐந்து விரலும் சுருங்கின. வலது கையில் சுண்டுவிரல் மட்டும் ஒழுங்காகச் சுருங்கியது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் வழவழவென்று இருந்தது இருந்தபடியே இருந்தன. மோதிர விரல்தான் வேடிக்கை. சுண்டுவிரலைப் பார்த்த பாதி சுருங்கியிருக்கிறது, மறுபாதி சுருங்கவே இல்லை. ஒரே விரல், ஒரே தண்ணீர். பாதித் தோல் மட்டும் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்குமா?

ஜனவரியில் இறுகிப்போன ஜன்னலைத் தள்ளும்போது கண்ணாடி உடைந்து என் வலது மணிக்கட்டில் இறங்கிவிட்டது. நரம்பு துண்டானது. அறுவை சிகிச்சை செய்து தைத்தார்கள். அந்த மூன்றரை விரலில் இன்றுவரை தொடு உணர்ச்சி கிடையாது. எந்த இடத்தில் உணர்ச்சி இல்லையோ அந்த இடம்தான் சுருங்கவும் இல்லை. இதற்குப் பதில் தெரிந்தால் அச்சிடவும். தெரியாவிட்டால் தெரியாது என்று அச்சிடவும்.

உங்கள் பக்கத்தை நான் ஆசைப்பட்டு வாசிப்பதில்லை. எழுதுகிறவன் தன் பிள்ளை என்பதால் அம்மா அதைச் சத்தமாக வாசிக்கிறாள், நான் கேட்டுத் தொலைக்கிறேன். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

பி.கு: போன் செய்ய வேண்டாம். எடுக்க மாட்டேன்.


மார்ச் 11

மதிப்பிற்குரிய வாசகிக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உதவி ஆசிரியர் உறையைப் பார்த்துவிட்டு, “யாரோ சின்னக் குழந்தை எழுதியிருக்கு சார், பதில் போடுங்க, பாவம்” என்றார். குழந்தைக்கு நாற்பத்தொரு வயது, கோபம் வந்தால் வீடு தாங்காது என்று சொன்னேன்.

அக்கா, போதும். எத்தனை முறை போன் செய்வது? மணி அடித்து அடித்து ஓய்கிறது. அம்மா எடுத்தாலும் “அவ பேச மாட்டாளாம்டா” என்று வைத்துவிடுகிறாள்.

உன் கேள்விக்கு வருகிறேன். தோல் உறிஞ்சுகிறது என்பதைத்தான் நான் படித்த எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. உன் விரலில் மருந்து தடவியிருப்பாய், அதனால் தண்ணீர் ஏறியிருக்காது. முதலில், உணர்ச்சி இல்லாத கையை வெந்நீரில் வைக்கிறாயே, சூடு தெரியுமா உனக்கு? வெந்துபோனால் என்ன செய்வாய்?

நான் செய்தது தப்பு என்று நீ நினைக்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கவுன்ட்டர் வேலை ஒன்றும் கேவலமில்லை. ஏசி அறை, உட்கார்ந்தபடி பெயர் பதிவது, அதே சம்பளம். கட்டுப் போட்ட கையோடு நீ படுக்கையில் இருந்த கோலத்தைப் பார்த்தவன் நான். பயந்துவிட்டேன், உன்னை அங்கே மாற்றச் சொல்லிக் கேட்டேன். அவ்வளவுதான்.

தம்பி


மார்ச் 17

டேய்,

மறுபடியும் ‘அவ்வளவுதான்’! உன் பேனாவிலிருந்து அந்த வார்த்தையைப் பிடுங்கி எறிய வேண்டும்.

மருந்து எதுவும் தடவவில்லை. இடது கை எதற்கு இருக்கிறது? அதை முதலில் விட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் வலதை வைத்தேன். நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள், எனக்குப் பாடம் எடுக்காதே.

நீ என்ன செய்தாய் என்று உனக்கு இன்னும் புரியவில்லை, அதனால் முழுசாக எழுதுகிறேன். நீ என்னைக் கேட்காமல் எங்கள் லேப் மேடத்துக்குப் போன் போட்டு, “அக்காவுக்கு நரம்பு போயிடுச்சு மேடம், இனிமே ஊசி வேலை வேணாம், உக்காந்து செய்யற வேலையா குடுங்க” என்று சொன்னாய். சரிதானே? மேடம் காதில் ‘நரம்பு’ விழுந்தது. மறுநாள் நிர்வாகத்துக்குப் போன பரிந்துரையில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ‘நரம்புத் தளர்ச்சி.’

சிரிக்காதே. நரம்புத் தளர்ச்சி என்றால் நம் ஆட்களுக்கு என்ன அர்த்தம்? கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ஆள் பாதி லூசு. அப்படிப்பட்டவளிடம் யார் ஊசியைக் கொடுப்பார்கள்? டீ குடிக்கும் இடத்தில் எக்ஸ்ரே அண்ணன் ரகசியமாக வந்து, “நல்லா தூங்கு, எல்லாம் சரியாயிடும்மா” என்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது.

தப்பு உன்னுடையது மட்டுமில்லை, இந்தச் சொல்லுடையதும்தான். ரத்தம் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் கையை நீட்டிக்கொண்டே, “எனக்கு நரம்பே கிடைக்காதுங்க” என்பார்கள். அவர்கள் சொல்வது ரத்தக்குழாயை. எனக்கு வெட்டுப்பட்டது உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு. இலையில் ஓடுவதும் நரம்பு. மேடம் சேர்த்துக்கொண்டது நான்காவது நரம்பு.

அந்தக் கவுன்ட்டர் கேவலம் என்று நான் சொன்னேனா? அங்கே இருக்கிறவள் என் சிநேகிதி. ஆனால் அது என் வேலை இல்லை. ரப்பர் பட்டையைக் கட்டி, ஆள்காட்டி விரலை முழங்கை மடிப்பில் வைத்து அழுத்தினால், ரத்தக்குழாய் உள்ளே அமுங்கி மறுபடி எழும்பும். தசைநார் எழும்பாது, விறைப்பாக நிற்கும். தமனி என்றால் துடிக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாத கையில்கூட எனக்குத் தெரியும். மற்றவர்கள் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு என்னிடம்தான் அனுப்புவார்கள். கீமோ வார்டில் எனக்கு ‘ஒரே குத்து’ என்று பெயர். ரத்தம் எடுக்கும் அந்த நாற்காலியைச் செப்டம்பரில் வேறு ஆளுக்குக் கொடுத்து, என்னை நிரந்தரமாகக் கவுன்ட்டருக்கு மாற்றப் போகிறார்கள். அதற்குள் நான் திரும்பியாக வேண்டும். திரும்புவேன்.

நீ எனக்கு ஏதாவது செய்ய நினைத்தால் என் கேள்விக்குப் பதில் கண்டுபிடி.

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

நீ சொன்னதுதான் சரி. நான் எழுதியது தப்பு. பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன், போதாமல் கை அறுவை மருத்துவர் ஒருவரைத் தேடிப் போய்ப் பிடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, “இது எங்களுக்கு ரொம்ப நாளா தெரியுமே தம்பி, உங்க பத்திரிகைக்குத்தான் தெரியல” என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

விரல் சுருங்குவது தோலின் வேலை இல்லை. நரம்பின் வேலை. தண்ணீர் வியர்வைத் துளைகள் வழியாக உள்ளே போகிறது. அங்கே உப்பின் அளவு மாறுகிறது. நாம் கேட்காமலே உடம்பை நடத்திக்கொண்டிருக்கும் ஒரு நரம்புக் கூட்டம் இருக்கிறது. வியர்ப்பது, முகம் சிவப்பது எல்லாம் அதன் கைங்கரியம்தான். அந்த நரம்பு, விரல் நுனியில் உள்ள ரத்தக்குழாய்களைச் சுருங்கச் சொல்கிறது. உள்ளே சதை வற்றிக் குறைகிறது, மேலே உள்ள தோல் உள்ளிழுக்கப்பட்டு மடிகிறது. நான் உப்புகிறது என்று எழுதினேன். நடப்பது நேர்மாறு, உள்ளே சுண்டுகிறது!

நரம்பு வெட்டுப்பட்டால் உத்தரவு போகாது, விரல் சுருங்காது. பேச முடியாத குழந்தைக்கும் மயக்கத்தில் இருப்பவருக்கும் கை நரம்பு போயிருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் கையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்ப்பார்களாம். உன் மோதிர விரல் விஷயத்தைச் சொன்னதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மணிக்கட்டின் நடுவே வரும் நரம்பு மூன்றரை விரலுக்குப் போகிறது. மோதிர விரலின் மறுபாதிக்கும் சுண்டுவிரலுக்கும் வேறு நரம்பு. உன் விரலின் நடுவில்தான் இரண்டுக்கும் எல்லைக்கோடு.

எதற்காக இப்படிச் சுருங்க வேண்டும் என்று கேட்டேன். ஈரமான பொருளைப் பிடிக்கும்போது வழுக்காமல் இருக்க, வண்டி டயரின் கோடுகள் மாதிரி தண்ணீரை வழியவிடத்தான் என்று ஒரு கட்சி சொல்கிறது. சோதித்துப் பார்த்தோம், அப்படி ஒன்றும் வித்தியாசமில்லை என்று இன்னொரு கட்சி சொல்கிறது. இன்னும் முடிவாகவில்லை.

தைத்த நரம்பு மெதுவாக வளருமாம், நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போல. நகத்தைவிட வேகம்தான் என்று தேற்றிக்கொள். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை வர மாதங்கள் ஆகும். உள்ளங்கையில் மெல்லத் தட்டிப் பார். எந்த இடத்தில் சுரீர் என்று விரலுக்கு ஓடுகிறதோ, ஏறக்குறைய அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம்.

சீக்கிரமே திருத்தம் போடுகிறேன். தப்பாக எழுதிவிட்டோம் என்று எங்கள் பக்கம் இதுவரை ஒப்புக்கொண்டதே இல்லை. பத்திரிகையின் ஆசிரியர் முகத்தைச் சுளித்தார். போட்டே தீருவேன்.

தம்பி


மே 2

டேய்,

திருத்தம் வந்துவிட்டது. அம்மா வாசித்தாள். ‘நீரில் ஊறும்போது நரம்பு சுருங்குவதால் விரல் சுருங்குகிறது.’

அட கடவுளே! நரம்பு எங்கேடா சுருங்குகிறது? நரம்பு சொல்கிறது, ரத்தக்குழாய் சுருங்குகிறது என்று கடிதத்தில் அழகாக எழுதினாயே! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது. அம்மாவுக்கு ஒன்றும் புரியாமல் அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். ஜனவரிக்குப் பிறகு இந்த வீட்டில் இன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்காக உன்னைப் பாதி மன்னிக்கிறேன்.

தட்டிப் பார்க்கிறேன். முதலில் மணிக்கட்டுத் தழும்பில்தான் சுரீர் என்றது. இப்போது உள்ளங்கையின் நடுவில். வந்துகொண்டிருக்கிறது!

பதிவு ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். கீமோ வார்டு அம்மா ஒருத்தி வந்து, “நீ ஏன் இங்க உக்காந்துருக்க? உள்ள அந்தப் பொண்ணு நாலு எடத்துல குத்திட்டா” என்று முழங்கையைக் காட்டினாள். கறுத்துக் கன்றிப் போயிருந்தது. நான் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டேன். வேறென்ன செய்ய?

என்னைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று மேடத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். “மொதல்ல உடம்பப் பாரும்மா, டென்ஷன் ஆகாத” என்றார். டென்ஷனே இப்படிச் சொல்கிறவர்களால்தான் வருகிறது.

அக்கா


மே 14

அக்கா,

பாதி மன்னிப்புக்கு முழு நன்றி. நடந்தது இதுதான். ‘நரம்பின் உத்தரவால் ரத்தக்குழாய் சுருங்குகிறது’ என்றுதான் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர், “நரம்பும் ரத்தக்குழாயும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு தடவை? எடம் வேற இல்ல” என்று ஒன்றை வெட்டிவிட்டார். ஊரே இப்படித்தான் பேசுகிறது, அவரை மட்டும் என்ன சொல்ல? திருத்தத்துக்குத் திருத்தம் வேண்டும் என்றேன். “நம்மள பாத்து சிரிப்பாங்கய்யா” என்றார். என் அக்கா ஏற்கெனவே சிரித்துவிட்டாள், இனி மானம் போக மிச்சமில்லை என்றேன். ஒரு முழுப் பக்கம் கேட்டிருக்கிறேன், நரம்பு என்று நாம் எதையெல்லாம் சொல்கிறோம் என்று படத்தோடு. கொடுக்காவிட்டால் ‘ஏன்? எதனால்?’ பக்கத்தையே வேறு யாராவது எழுதட்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது, நான்தானா அது என்று.

இப்போது வேண்டாத ஒன்றும் வேண்டிய ஒன்றும் சொல்கிறேன்.

வேண்டாதது: விரல் சுருங்க ஆரம்பித்தால் தொடு உணர்ச்சி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. சுருங்கச் சொல்லும் இழைகள் வேறு, தொடுவதைச் சொல்லும் இழைகள் வேறு. ஒரே கட்டாக ஓடினாலும் ஒன்று முந்தலாம், ஒன்று பிந்தலாம். வளரும்போது வழி தவறி வேறு விரலுக்குப் போய்ச் சேரும் இழைகளும் உண்டாம்.

வேண்டியது: ஒரு கையின் ஒரு விரலை மட்டும் பழக்கி, நுண்ணிய வரிகளைத் தொட்டுக் கண்டுபிடிக்கச் செய்திருக்கிறார்கள். பிறகு பழக்காத விரல்களைச் சோதித்தால், மறு கையின் அதே விரல் கெட்டிக்காரத்தனமாக இருந்திருக்கிறது. ஒரு விரல் கற்றதில் ஒரு பங்கு மூளை வழியாக மறு கைக்கும் போய்ச் சேருகிறது. உன் வலது ஆள்காட்டி விரல் இத்தனை வருஷம் கற்றதை இடது விரல் சும்மா பார்த்துக்கொண்டிருந்திருக்குமா? எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 8

டேய்,

சுருங்கிவிட்டது!

நேற்று வெந்நீரில் வைத்து எடுத்துப் பார்த்தால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் லேசாக, ரொம்ப லேசாக, மடிந்திருக்கின்றன. மோதிர விரலின் எல்லைக்கோடும் அழிந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் அம்மா அடுப்பை அணைக்காமல் ஓடிவந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு, “இதுக்கா? கிழவி கை மாதிரி இருக்கு” என்று அழுதாள்.

அப்புறம்தான் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவைத் தொடச் சொன்னேன். அவள் தொட்டது நடுவிரலை. எனக்கு ஆள்காட்டி விரலில் தெரிந்தது. கட்டைவிரலைத் தொட்டால் ஏதோ கையுறைக்கு வெளியிலிருந்து தொட்டது போல இருக்கிறது. நீ முன்கூட்டியே எழுதியிருந்தாய். எழுதியிருந்தும் அழுதேன். சாயங்காலம் முழுக்க அழுதேன், போதுமா? இந்த விரலால் இன்னும் ஒரு வருஷத்துக்கு யாருடைய கையையும் நான் தொடக் கூடாது. தொட்டால் அந்தக் கீமோ அம்மாவைக் குத்திய பெண்ணுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் மே மாதத்திலிருந்து நான் சும்மா இல்லை. உன் கடிதம் வந்த அன்றே அம்மாவின் முழங்கையில் ரப்பர் பட்டையைக் கட்டி இடது விரலை வைத்தேன். முதல் தடவையே ஏதோ புரிந்தது. மொழி தெரிந்த ஊருக்குப் புது வழியாகப் போய்ச் சேர்ந்தது போல இருந்தது. அன்றிலிருந்து அகப்பட்டவர்களை விடவில்லை. எக்ஸ்ரே அண்ணன், பதிவு ஜன்னல் சிநேகிதி, அவள் மாமியார், எல்லார் கையையும் கண்ணை மூடிக்கொண்டு தடவி, பேனாவால் புள்ளி வைத்து, அப்புறம் திறந்து பார்ப்பேன். “போற போக்கப் பாத்தா கை ரேகை ஜோசியம் ஆரம்பிச்சுடுவ போலயே” என்றார் அண்ணன். நரம்புத் தளர்ச்சி கதையை அவரிடம் முழுசாகச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, நர்ஸிங் கல்லூரியில் பாடம் எடுக்கும் தன் மனைவியிடம் சொல்லி அவர்கள் ரப்பர் கையில் எனக்கு ஊசிப் பயிற்சிக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தார். ஊசியும் இடது கையில்தான். அப்புறம் அவர் மனைவியே எதிரில் நின்று பார்க்க, அண்ணன் தன் கையைக் கொடுத்தார். ஒரே குத்து.

செப்டம்பரில் நிர்வாகம் முடிவெடுப்பதற்கு முன்னால் என்னைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி மேடத்திடம் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

அக்கா


ஆகஸ்ட் 16

அக்கா,

முழுப் பக்கம் வந்துவிட்டது, அனுப்பியிருக்கிறேன். ஒரு சொல்லும் வெட்டப்படவில்லை. வாசகர் கடிதங்கள் குவிகின்றன. பாதிப் பேர் விரலை ஊறவைத்துவிட்டு எழுதியிருக்கிறார்கள், தாள் எல்லாம் ஈரம்.

ஒன்று கேட்க வேண்டும். இந்த முறை கேட்டுவிட்டுத்தான். அந்தப் பக்கத்தை மேடத்துக்கு அனுப்பி, ஜனவரியில் நான் என்ன சொல்ல வந்தேன் என்று விளக்கி எழுதட்டுமா? நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

உன் எழுத்து நேராகிவிட்டது. எப்போது என்று நான் கவனிக்கவில்லை. மன்னித்துவிடு அக்கா.

தம்பி


செப்டம்பர் 3

டேய் தம்பி,

வேண்டாம், எழுதாதே. நானே சொல்லிவிட்டேன். கேட்டாய் பார், அது போதும் எனக்கு.

நேற்று மேடம் லேபுக்குக் கூப்பிட்டார். நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். புதிதாக எடுத்த பெண்ணும் இருந்தாள். மேடம் என் கோப்பைப் பிரித்து, “நரம்புத் தளர்ச்சின்னு உன் தம்பிதானேம்மா சொன்னாரு?” என்றார்.

“இல்ல மேடம். அவன் சொன்னது நரம்பு. தளர்ச்சி நீங்க சேத்தது” என்றேன்.

மேடம் என்னையே பார்த்தார். நான் இரண்டு கையையும் அவர் மேஜைமேல் நீட்டி வைத்தேன். நடுங்கவில்லை. வலது விரலை நான் இனி நம்பப் போவதில்லை மேடம், அதற்குப் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும்தான், தேடுவதும் குத்துவதும் இடது கை என்று சொன்னேன். ஒரு சோதனைக்கு யாரை வேண்டுமானாலும் உட்காரவையுங்கள் என்றேன்.

“ஜனங்க கையில சோதனை வேணாம்” என்று மேடம் எழுந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றினார். ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் நாற்காலியில், என் நாற்காலிக்கு எதிரில், தானே உட்கார்ந்து கையை நீட்டினார். “எனக்கு நரம்பே கிடைக்காது. பாத்துக்க” என்றார். படித்தவர், அவரும் நரம்பு என்றுதான் சொன்னார்!

பொய் சொல்லவில்லை. சதைப்பிடிப்பான கை, மேலே ஒன்றும் தெரியவில்லை. பட்டையைக் கட்டினேன். இடது விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. கொஞ்சம் தள்ளினேன். விறைப்பாக ஒன்று நின்றது, அது தசைநார். புதிய பெண் எட்டிப் பார்த்தாள். நிர்வாகத்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். மெல்ல அழுத்தினேன், விட்டேன், மறுபடி அழுத்தினேன். ரொம்ப ஆழத்தில், ஓரமாக, ஏதோ ஒன்று அமுங்கிவிட்டு மேலே வந்தது.

வலது உள்ளங்கையின் ஓரத்தால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மேடம் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்திருந்தார். எல்லாரையும் போல அவருக்கும் பயம்தான்.

“இன்னும் எவ்வளவு நேரம்மா தடவிட்டே இருப்ப? குத்தேன்” என்றார்.

நான் அப்போது ரத்தம் நிரம்பிய முதல் சோதனைக் குழாயைக் கழற்றிவிட்டு, இரண்டாவதை மாட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா